முடிவுக்கு முன் முறையைப் படியுங்கள்



'ஆய்வில் நிரூபணம்' என்ற செய்தி, இன்று பட்டம் பெறும் உங்களை இனி நாள்தோறும் தேடி வரும். அதை நம்புவதா, தள்ளுவதா? ஆய்வுக் கட்டுரையின் முடிவைப் பார்க்குமுன், அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள் என்று சொல்லும் பகுதியைப் படியுங்கள் என்பதே என் வேண்டுகோள்.

மாதவிடாய் நின்ற பெண்கள் ஹார்மோன் மாத்திரை உட்கொண்டால் மாரடைப்பு குறையும் என்று 1990களில் அமெரிக்க மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். பெண்களைப் பல்லாண்டு கவனித்த பெரிய ஆய்வுகளே அதற்கு ஆதாரம். ஆனால் அவற்றில் மாத்திரை உட்கொண்டவர்கள் தாங்களாகவோ மருத்துவர் சொல்லியோ அதை நாடியவர்கள். பொதுவாக வசதியும் உடல்நல அக்கறையும் கூடியவர்கள். இதயத்தைக் காத்தது மாத்திரையா, அந்த வாழ்க்கையா? விடை காண, 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வில் 16,608 பெண்களைக் குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு பிரிவுக்கு ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்ந்த மாத்திரையும், மற்றதற்கு மருந்தில்லா மாத்திரையும் கொடுத்தார்கள். 2002இல் வெளியான முடிவு நம்பிக்கையைக் கவிழ்த்தது. மருந்தில்லா மாத்திரை உட்கொண்டவர்களில் ஆண்டுக்கு 10,000 பெண்களில் 30 பேருக்கு வந்த மாரடைப்பு முதலிய இதய நோய், ஹார்மோன் மாத்திரை உட்கொண்டவர்களில் 37 பேருக்கு வந்தது. இதைக் 'கிட்டத்தட்ட கால்வாசி கூடுதல்' என்றும் எழுதலாம், '10,000இல் 7 பேர்' என்றும் எழுதலாம். கணக்கு ஒன்றுதான்; படிப்பவர் மனத்தில் எழும் அச்சம் வேறு. பங்கேற்றவர்களின் சராசரி வயது 63 என்பதால், 50 வயதுப் பெண்ணுக்கு அந்த எண்ணை அப்படியே பொருத்தவும் முடியாது.

புள்ளியியல் படிக்காதவர் இதையெல்லாம் எப்படிக் கண்டுகொள்வார் என்று கேட்கலாம். நுட்பமான கணக்குகளுக்கு வல்லுநர் வேண்டும், உண்மைதான். ஆனால் யாரை யாரோடு ஒப்பிட்டார்கள், பிரிவுகளை எப்படிப் பிரித்தார்கள், எத்தனை பேரில் எத்தனை பேர் என்று கேட்க, நிதானம் போதும். வல்லுநர்களே தவறினால் அறிவியலை ஏன் நம்ப வேண்டும் என்பது இன்னும் கடினமான கேள்வி. அந்தத் தவறை வெளிக்கொண்டு வந்ததும் ஓர் ஆய்வுதான், அதுவும் முந்தையதைவிட வலுவான முறையில் நடந்த ஆய்வு. எல்லா ஆய்வையும் நம்புகிறவரும் எதையும் நம்பாதவரும் ஒரே குறையுடையவர்கள்: இருவருமே முறையைப் படிப்பதில்லை.

நாளை உங்கள் கையெழுத்தால் ஒரு மருந்தோ திட்டமோ மக்களிடம் போகலாம். அதற்கு முன் முறையைச் சொல்லும் அந்தச் சில பக்கங்களைப் படித்துவிடுங்கள்.