முதல் தொழிலுக்குக் கரூர்



சிறுநகரங்களில் தொழில் தொடங்குவது பற்றிய இந்தக் கருத்தரங்குக்குத் தலைமை ஏற்கும் வாய்ப்பைத் தந்த அமைப்பாளர்களுக்கு நன்றி. பொதுப்படப் பேசுவதைவிட, நாம் கூடியிருக்கும் இந்தக் கரூரை முன்வைத்தே பேச விரும்புகிறேன்.

தொழில் தொடங்க ஏற்ற இடம் என்று ஓர் ஊரை எடுத்துச் சொல்லும்போது நில விலை, சாலை, மின்சாரம், மானியம் என்றுதான் அடுக்குகிறோம். முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கான தமிழக அரசின் நீட்ஸ் திட்டத்தில் 25 விழுக்காடு மானியமும் 3 விழுக்காடு வட்டிச் சலுகையும் உண்டு. ஆனால் அது தமிழகத்தின் எல்லா மாவட்டங்களுக்கும் பொது. கரூரின் பலம் வேறு. இங்கே தொழிலில் இறங்கும் புதியவர் எல்லா இயந்திரங்களையும் தாமே வாங்கிப் போட வேண்டியதில்லை.

மேசை விரிப்பு ஒன்றையே பாருங்கள். நூல் வியாபாரியிடம் நூல் வாங்கலாம். சாயப்பட்டறையில் கூலிக்குச் சாயம் ஏற்றித் தருவார்கள். பாவு ஓட்டித் தர ஒருவர், தறி ஓட்டித் தர இன்னொருவர். வெட்டவும் தைக்கவும் சிறு சிறு யூனிட்டுகள். பிசிறு வெட்டி, இஸ்திரி போட்டு, அட்டைப்பெட்டியில் அடுக்கித் தரவும் ஆள் உண்டு. சரக்கு தூத்துக்குடித் துறைமுகம் போய்ச் சேரும். ஆர்டர் பிடிக்கவும் தரம் பார்க்கவும் தெரிந்த ஒருவர், ஒற்றை அறை அலுவலகத்தில் உட்கார்ந்து ஏற்றுமதியாளர் ஆகிவிட முடியும். சமையலறைத் துண்டு, படுக்கை விரிப்பு, ஏப்ரன் என்று வெளிநாட்டு வீடுகளுக்குப் போகும் கரூர்த் துணி பெரும்பாலும் இப்படிப் பல கைகள் மாறித்தான் உருவாகிறது. இங்குள்ள பஸ் பாடி கட்டும் தொழிலிலும் இதே முறைதான். வெறும் சேஸிஸாக வரும் வண்டி வெல்டர், தச்சர், சீட் தைப்பவர், பெயின்டர் என்று பலருடைய உழைப்பில் பேருந்தாகிப் போகிறது. ஒரு பட்டறையில் வேலை கற்றவர் பக்கத்திலேயே தனிப் பட்டறை போட முடிவது இதனால்தான். தோற்றாலும் முழு முதலும் மூழ்காது. முதல்முறை தொழில் செய்பவருக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு இல்லை என்பது என் உறுதியான கருத்து.

இந்த வணிக மரபு நேற்று வந்ததன்று. அருகிலுள்ள புகழூர் ஆறுநாட்டார் மலையில், சமணத் துறவியருக்கு உறைவிடம் அமைத்துக் கொடுத்த கரூர்ப் பொன் வணிகன் ஒருவனின் பெயர் தமிழி எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது. இவ்வூர் வழியே ஓடும் அமராவதி ஆற்றின் மணலில் ரோமானிய நாணயங்கள் கிடைத்திருக்கின்றன. அண்மைக் காலத்துக்கு வந்தால், 1916இல் கரூர் வைசியா வங்கியையும் 1926இல் லட்சுமி விலாஸ் வங்கியையும் இவ்வூர் வணிகர்களே தொடங்கினார்கள். கடன் கேட்டு வருபவரின் குடும்பத்தையும் கடையையும் நேரில் அறிந்தவர்கள் நடத்திய வங்கிகள் அவை. சிறு வணிகருக்கு அந்த அறிமுகமே பாதி ஈடு. லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கி இந்தியாவுடன் இணைக்கப்பட்டபோது இவ்வூர் இழந்தது ஒரு பெயர்ப் பலகையை மட்டுமா? இதை யாராவது ஆராய வேண்டும்.

ஊரைப் புகழ்ந்து பேசும் மேடைகளில் ஆற்றைப் பற்றிப் பேச மாட்டார்கள். நாம் பேசியாக வேண்டும். சாயக்கழிவு அமராவதியைக் கெடுத்தது. கரையோரக் கிணறுகளையும் கெடுத்தது. திருப்பூர்க் கழிவு நொய்யல் ஆற்றின் வழியாக நம் மாவட்டத்து வயல்களுக்கு வந்தது. நொய்யல் பாசன விவசாயிகள் நடத்திய நெடிய வழக்கில், கழிவுநீரை முழுமையாகச் சுத்திகரிக்காத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அங்கே சாயம் நின்றபோது பனியன் தொழில் முழுவதும் தடுமாறியது. கூலிக்கு வேலை பிரித்துக் கொடுக்கும் ஊரில் ஒரு கண்ணி அறுந்தால் மற்ற எல்லோருக்கும் வேலை நின்றுவிடும். ஆகவே கழிவுநீர்ச் சுத்திகரிப்பைச் சாயப்பட்டறைக்காரர் தலையில் மட்டும் கட்டக் கூடாது. அதன் செலவை ஏற்றுமதியாளரும் தம் விலையில் சேர்த்துச் சுமக்க வேண்டும். கெட்ட தண்ணீரின் மேல் கட்டும் தொழிலுக்கு இளைஞரை அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

கட்டுரை வாசிக்க வந்திருக்கும் ஆய்வாளர்களிடம் ஒரு வேண்டுகோள். வென்றவர்களின் வரலாறு நம்மிடம் நிறைய இருக்கிறது. தொழிலை மூடியவர்களிடமும் போய்ப் பேசுங்கள். பணம் எங்கே முடங்கியது, பாக்கி எத்தனை மாதம் கழித்து வந்தது, ஆள் ஏன் கிடைக்கவில்லை என்று கேட்டு எழுதுங்கள். தைப்பதிலும் பிசிறு வெட்டுவதிலும் காலமெல்லாம் உழைக்கும் பெண்களில் எத்தனை பேரால் சொந்த யூனிட் தொடங்க முடிந்தது என்பதையும் கணக்கெடுங்கள்.

தொழில் அமைப்புகளிடமும் ஒன்று கேட்கிறேன். விளம்பரப் படம் எடுக்கும் முன், இவ்வூரில் எந்த வேலையை யார் கூலிக்குச் செய்து தருகிறார்கள், கூலி என்ன, குறைந்தது எவ்வளவு சரக்கு கொடுக்க வேண்டும் என்பதைத் தொகுத்துத் தமிழில் ஒரு கையேடு போடுங்கள். உறவுக்காரர் யாரும் இத்தொழிலில் இல்லாத ஒரு பெண்ணுக்கு, ஓர் இளைஞருக்கு, அதுதான் கரூரின் கதவைத் திறக்கும். அந்தப் பணியில் இங்குள்ள கல்லூரிகள் துணை நிற்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு, கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.