ஒன்பது போர்வை எங்கே?



வீட்டில் ஒருவர் எடுத்ததற்கெல்லாம் குறுக்கே பேசினால் பெரியவர்கள் என்ன சொல்வார்கள்? "சும்மா விதண்டாவாதம் பண்ணாதே" என்பார்கள். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்கும் தெரிந்த சொல் இது. இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பழைய இந்தியாவில் 'நியாயம்' என்று ஒரு தத்துவப் பிரிவு இருந்தது. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று ஆராய்வது அதன் வேலை. கௌதமர் என்பவர் அதற்கு 'நியாய சூத்திரம்' என்ற நூலைச் செய்தார். இவர் புத்தர் அல்லர், வேறு கௌதமர். அவர் பேச்சை மூன்றாகப் பிரித்தார்.

உண்மையைத் தெரிந்துகொள்ளப் பேசுவது வாதம்.
எப்படியாவது ஜெயிக்க வேண்டும் என்று பேசுவது ஜல்பம்.
தன் கருத்து என்ன என்று சொல்லாமலே, எதிரில் இருப்பவரை மட்டம் தட்ட மட்டும் பேசுவது விதண்டை.

தேர்தல் கூட்டத்துக்குப் போகிறீர்கள். மேடையில் நடப்பது இந்த மூன்றில் எது? நீங்களே சொல்லிவிடுவீர்கள்!

பேச்சில் செய்யும் சூது

பேச்சில் செய்யும் ஏமாற்றுக்கு அந்த நூல் ஒரு பெயர் வைத்தது. அதன் பெயர் 'சலம்'. திருக்குறளிலும் 'சலம்' என்ற சொல் வஞ்சனை என்ற பொருளில் வருகிறது. சலம் மூன்று வகை என்கிறது நியாய நூல். அதற்கு உரை எழுதியவர் வாத்ஸ்யாயனர். அவர் காட்டும் வேடிக்கையைக் கேளுங்கள்.

ஒரு பையன் புதுப் போர்வை போர்த்தியிருக்கிறான். அவனைப் பார்த்து ஒருவர், "இவனிடம் நவ கம்பளம் இருக்கிறது" என்கிறார். நவ என்றால் புதியது. ஆனால் 'நவ' என்பதற்கு ஒன்பது என்றும் பொருள் உண்டு. நவதானியம் என்றால் ஒன்பது தானியம் அல்லவா? பக்கத்தில் இருந்த குறும்புக்காரர் உடனே மடக்கினார்:

"ஒன்பது போர்வையா? ஒன்றுதானே இருக்கிறது! மற்ற எட்டும் எங்கே?"

சொன்னவர் பாவம், விழித்தார்.

இது முதல் வகை. ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள். சொல்பவர் ஒன்றை நினைக்கிறார். சூது செய்பவர் மற்றொன்றைப் பிடித்துக்கொள்கிறார்.

இரண்டாவது வகை, ஒரு நல்லதைக் காட்டி எல்லாமே நல்லது என்பது. "இது நெல் விளையும் பூமி" என்று ஒரு வயலைப் புகழ்கிறோம். அதற்காக விதை வேண்டாம், தண்ணீர் வேண்டாம் என்று ஆகிவிடுமா?

மூன்றாவது வகை, வழக்கில் சொல்வதை அப்படியே நிஜமாக்குவது. "கட்டில்கள் சத்தம் போடுகின்றன" என்று ஒருவர் சொன்னாராம். கட்டிலில் இருக்கிற ஆட்கள் கத்துகிறார்கள் என்பது பொருள். "மரக்கட்டைக்கு வாய் ஏது?" என்று ஒருவர் சண்டைக்கு வந்தாராம்.

கேட்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் இதே மூன்று சூதும் ஒரு நாட்டின் ஆட்சியில் நுழைந்தால் என்ன ஆகும்? அப்படி ஒரு காலம் இருந்தது.

இனிப்பான சொற்கள்

1975 ஜூன் 25-ஆம் தேதி இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. அப்போது பிரதமர் இந்திரா காந்தி. எதிர்க்கட்சித் தலைவர்கள் கைதானார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் சிறைக்குப் போனார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அரசு அனுமதிப்பதைத்தான் அச்சிடலாம்.

பேருந்துகளிலும் சுவர்களிலும் வாசகங்கள் எழுதினார்கள். கட்டுப்பாடு நாட்டை உயர்த்தும் என்றார்கள். பேச்சைக் குறைத்து வேலையைக் கூட்டு என்றார்கள். கட்டுப்பாடு நல்ல சொல்தானே? பிள்ளை நேரத்துக்குப் பள்ளிக்குப் போனால் அது கட்டுப்பாடு. அலுவலகத்தில் லஞ்சம் வாங்காவிட்டால் அது கட்டுப்பாடு. மக்கள் அப்படித்தான் புரிந்துகொண்டார்கள். ஆனால் வாயைத் திறக்காதே என்பதற்கும் அதே சொல்தான். அதுதான் ஒன்பது போர்வைச் சூது.

'அழகுபடுத்துதல்' என்று மற்றொரு சொல். டெல்லியை அழகாக்கப் போகிறோம் என்றார்கள். 1976 ஏப்ரலில் பழைய டெல்லியில், துருக்மான் வாசல் அருகே, குடியிருந்த வீடுகளை இடித்தார்கள். மக்கள் எதிர்த்தார்கள். போலீஸ் சுட்டது. உயிர்கள் போயின. வீடு இழந்தவர்களை யமுனைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டார்கள். அந்தக் காலத்தில் டெல்லியில் சுமார் ஒன்றரை லட்சம் கட்டடங்கள் இடிக்கப்பட்டன. பின்னால் விசாரித்த ஷா கமிஷன் சொன்ன கணக்கு இது. யாருக்கு அழகு? யாருடைய வீடு?

'ஊக்குவித்தல்' என்பது இன்னொரு சொல். குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஊக்குவிக்கிறோம் என்றார்கள். சில மாநிலங்களில் ஆசிரியர்களுக்கு ஒரு கணக்கு வைத்தார்கள். இத்தனை பேரை அறுவைக்கு அழைத்து வராவிட்டால் சம்பளம் இல்லை என்றார்கள். 1976-77 ஒரே ஆண்டில் நாடு முழுவதும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு அறுவை நடந்தது. விரும்பி வந்தவர்களும் உண்டு. இழுத்து வரப்பட்டவர்களும் உண்டு. இருவருக்கும் ஒரே சொல்தான்.

"ரயில் நேரத்துக்கு வருகிறதே, பார்த்தீர்களா?" என்று பலர் பெருமையாகக் கேட்டார்கள். ரயில் நேரத்துக்கு வருவது நல்லதுதான். ஆனால் ரயில் நேரத்துக்கு வந்தால் சிறையில் இருப்பவர் குற்றவாளி ஆகிவிடுவாரா? இது இரண்டாவது சூது.

அப்போது காங்கிரஸ் தலைவராக இருந்தவர் தேவ காந்த பரூவா. "இந்தியாதான் இந்திரா, இந்திராதான் இந்தியா" என்றார் அவர். புகழ்ச்சியாக ஒருவர் அப்படிச் சொல்லலாம். ஆனால் அதை நிஜம் என்று எடுத்துக்கொண்டால்? தலைவரைக் குறை சொன்னவர் நாட்டுக்கே துரோகி ஆகிவிடுவார். கட்டிலுக்கு வாய் முளைத்த கதைதான். இது மூன்றாவது சூது.

சிரிப்பு தப்பித்து வந்தது

பத்திரிகைகள் வாய் மூடியிருந்தன. ஆனால் சிரிப்பு மட்டும் எப்படியோ தப்பித்து வந்தது.

1975 ஜூன் 28. பம்பாயில் 'டைம்ஸ் ஆஃப் இந்தியா' நாளிதழில் ஒரு சின்ன மரண அறிவிப்பு. டி.இ.எம். ஓக்ரசி என்பவர் ஜூன் 26-ஆம் தேதி காலமானார் என்று இருந்தது. மனைவி பெயர் டி. ரூத். பிள்ளை பெயர் எல்.ஐ. பெர்ட்டி. யாரோ ஒரு வெள்ளைக்காரர் இறந்துவிட்டார் என்றுதான் தோன்றும். சேர்த்துப் படித்தால்தான் சங்கதி தெரியும். இறந்தவர் 'டெமாக்ரசி', அதாவது ஜனநாயகம். மனைவி 'ட்ரூத்', அதாவது உண்மை. பிள்ளை 'லிபர்ட்டி', அதாவது சுதந்திரம்!

அதே ஆண்டு டிசம்பரில் 'இந்தியன் எக்ஸ்பிரஸ்' நாளிதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது. வரைந்தவர் அபு ஆபிரகாம். குடியரசுத் தலைவர் குளியல் தொட்டியில் உட்கார்ந்திருக்கிறார். அவசரச் சட்டத்தில் கையெழுத்துப் போட்டு நீட்டுகிறார். இன்னும் இருந்தால் கொஞ்சம் காத்திருக்கச் சொல் என்கிறார். குளித்து முடிக்கக்கூட நேரம் தராமல் சட்டங்கள் வந்தன என்பதை ஒரு படம் சொல்லிவிட்டது.

பெரிய சொல்லைக் கண்டால் மனிதனுக்குப் பயம் வருகிறது. சிரித்தால் பயம் போகிறது. பயம் போனால் கேள்வி பிறக்கிறது.

விரலில் மை

1977 மார்ச்சில் தேர்தல் வந்தது. உத்தரப் பிரதேசத்தில் 85 தொகுதிகள். பீகாரில் 54. டெல்லியில் 7. இவற்றில் ஒன்றில்கூட ஆளும் காங்கிரஸ் ஜெயிக்கவில்லை. ரேபரேலியில் பிரதமரே தோற்றார். தென் மாநிலங்களில் முடிவு வேறாக இருந்தது. 1980-இல் மக்கள் அதே இந்திரா காந்தியை மீண்டும் ஆட்சிக்குக் கொண்டுவந்தார்கள். எப்போது யார் என்பதை மக்களே முடிவு செய்தார்கள்.

அன்று நாட்டில் பெரும்பாலோருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. சுவரில் எழுதியிருந்த வாசகத்தைப் படிக்க முடியாதவர்கள்தான் அதிகம். ஆனாலும் அழகு என்றால் என்ன, இடிப்பு என்றால் என்ன என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பட்டறிவு கற்றுக்கொடுத்தது. ஆனால் அதற்கு அவர்கள் கொடுத்த விலை அதிகம்.

உங்களுக்கு இப்போது எழுத்தும் தெரியும். சுவரில் எழுதும்போதே படித்துவிடலாம். வீடு இடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இந்தச் சூது ஒரு கட்சிக்கு மட்டும் சொந்தமானது அல்ல. எல்லாக் கட்சி மேடையிலும் உண்டு. உங்களுக்குப் பிடித்த கட்சி மேடையிலும் உண்டு. அங்கேதான் அதிகக் கவனம் வேண்டும். ஏனென்றால் அங்கே கைதட்டிக்கொண்டே கேட்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் மூன்று கேள்விகளை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

1. இந்தச் சொல்லுக்கு இவர் சொல்லும் பொருள் என்ன? எனக்கு இதனால் நடக்கப்போவது என்ன?

2. ஒரு நல்லதைக் காட்டி எதை மறைக்கிறார்?

3. நாடு, மக்கள், ஊர் என்கிறாரே, அது யார்? அதில் நானும் இருக்கிறேனா?

பதில் கிடைக்காவிட்டால் கோபப்பட வேண்டாம். கல்லெறிய வேண்டாம். மெதுவாகச் சிரித்துக்கொண்டே கேளுங்கள்:

"ஐயா, மற்ற எட்டுப் போர்வையும் எங்கே?"