மண்ணோடு வேலை செய்யும் நம்மவர்க்கு



நம் பழைய மாணவியர் சிலர் வீட்டிலேயே மட்பாண்டம் வனைந்து இணையவழியில் விற்கிறார்கள். விலை, தபாற்செலவு எல்லாம் அவர்களிடமே கேளுங்கள். வைத்தியராக நான் பேச வந்தது தூசியையும் ஈயத்தையும் பற்றி.

காய்ந்த களிமண் தூசியில் சிலிக்கா உண்டு. ஆண்டுக்கணக்கில் சுவாசித்தால் நுரையீரல் தழும்பாகும். சிலிக்கோசிஸ் என்ற அந்த நோயைக் குணமாக்க மருந்தில்லை. ஆகவே வேலை முடிந்ததும் தும்புத்தடியை எடுக்காதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்த பாத்திரத்தை வீட்டுக்குள் உரஞ்ச வேண்டாம். பிள்ளைகள் படுக்கும் அறையில் வேலையே வேண்டாம்.

அடுத்தது மினுக்கப் பூச்சு. ஈயம் கலந்த பூச்சு குறைந்த வெப்பத்திலேயே வழவழப்பாக உருகும். அதில் ஆசை வருவது இயல்பு. ஆனால் பழப்புளியும் தேசிக்காய்ச் சாறும் அந்த ஈயத்தைக் கரைத்து உணவில் சேர்த்துவிடும். அது பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். உடலில் இவ்வளவு ஈயம் இருந்தால் பாதகமில்லை என்று சொல்லக்கூடிய அளவு எதுவும் அறியப்படவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

கடையில் வாங்கிய பூச்சானாலும், சுட்ட பாத்திரத்தை ஆய்வுகூடத்தில் சோதித்த பிறகே "உணவுக்கு உகந்தது" என்று போடுங்கள். வாங்குபவர் உங்களைக் கண்டவரல்லர். நீங்கள் எழுதியதை நம்பித்தான் அந்தக் கோப்பையில் பிள்ளைக்குப் பால் ஊற்றுகிறார். சோதிக்காததைப் பூச்சாடியாக விற்றுவிடுங்கள்.