கருவுற்றார் நடையும் நம் இல்லறக் கடமையும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவையொட்டி வேலப்பன்சாவடியில் நடைபெற்ற மகளிர் அரங்கில் ஆற்றிய உரை)

 

தமிழாசிரியரை மேடையேற்றினால் சீவகசிந்தாமணியில்தான் தொடங்குவார் என்று எண்ணியிருப்பீர்கள். அந்த எண்ணத்தைப் பொய்யாக்க எனக்கு விருப்பமில்லை. திருத்தக்கதேவர் படைத்த விசயை கருவுற்றிருந்த காலத்தில், வரவிருக்கும் தீங்கை அவள் கண்ட கனவினால் உணர்ந்த சச்சந்தன் மயிற்பொறி ஒன்றைச் செய்வித்தான். அதனை வானில் எழுப்பவும் தரையில் இறக்கவும் விசயை பயின்றாள். கட்டியங்காரனின் படை அரண்மனையை வளைத்தபோது, நிறைசூலியாகிய அவள் அப்பொறியில் ஏறித் தப்பிச் சென்று, சுடுகாட்டில் சீவகனை ஈன்றாள். காவியத்தை மருத்துவ நூலாக நான் கொள்ளவில்லை. ஆயினும், கருவுற்றவளும் கற்கவும் இயங்கவும் வல்லவள் என்று நம் சமயத்துப் புலவர் ஒருவர் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே நம்பியதை எண்ணிப் பாருங்கள்.

வகுப்பறையில் பல்லாண்டு நடத்திய இந்தப் பாடத்தை என் வீட்டில் நான் மறந்துபோனேன்.

என் மருமகள் முதற்கரு தாங்கிய செய்தி கேட்ட நாள்முதல், “நீ உட்காரம்மா, எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்” என்பதே என் மந்திரமாயிற்று. படியேறாதே, குனியாதே, கடைத்தெருவுக்குப் போகாதே என்றேன். அவள் உண்ட தட்டையும் நானே எடுத்தேன். அலுவலகப் பணியையும் அவள் வீட்டிலிருந்தபடியே கணினிமுன் அமர்ந்து செய்தாள். இவற்றையெல்லாம் அன்பென்றே நம்பினேன். ஏழாம் மாதச் சோதனையில் இரத்தத்தில் சர்க்கரை கூடியிருப்பது தெரியவந்தது. “நாளொன்றுக்கு எவ்வளவு நேரம் நடக்கிறீர்கள்?” என்று மருத்துவர் வினவினார். அவள் விடை கூறாமல் என் முகத்தைப் பார்த்தாள். வெளியே வந்தபின், “அத்தை, எனக்கும் நடக்க ஆசைதான். நீங்கள் வருந்துவீர்களோ என்றுதான் சொல்லவில்லை” என்றாள். அந்தச் சொல் என்னை இன்றளவும் உறுத்துகிறது.

சர்க்கரை கூடியதற்கு நான் ஒருத்தியே காரணம் என்று மருத்துவர் கூறவில்லை. குடும்ப மரபும் வயதும் உடல் எடையும் அதில் பங்கு கொள்கின்றன. கருவுற்ற காலத்தில் நஞ்சுக்கொடி சுரக்கும் ஹார்மோன்கள் இன்சுலினின் ஆற்றலைக் குறைக்கின்றன. இயங்கும் தசையோ இன்சுலினைப் பெரிதும் எதிர்பாராமலே இரத்தத்திலுள்ள சர்க்கரையை எடுத்துச் செலவிடுகிறது. எனவே உணவுக்குப்பின் பத்து நிமிடம் நடந்தாலும் பயனுண்டு என்று அவர் விளக்கினார்.

இது எங்கள் வீட்டோடு நிற்கும் செய்தியன்று. மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் நிறுவனத்தார், ‘விங்ஸ்’ என்னும் திட்டத்தின்கீழ், சென்னை மகப்பேறு மையங்களுக்கு வந்த கருவுற்ற பெண்களின் உடலியக்கத்தை ஆராய்ந்து 2016-இல் முடிவுகளை வெளியிட்டனர். போதிய அளவு இயங்கியவர்கள் பத்தில் ஒருவரே. கருவுற்றோர் அனைவர்க்கும் சர்க்கரைச் சோதனை வேண்டும் என்று வலியுறுத்தி உழைத்தவர் நம் சென்னையைச் சேர்ந்த பத்மஸ்ரீ டாக்டர் வி. சேஷையா. தமிழக அரசு 2007-இல் அதனை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 75 கிராம் குளுக்கோசைக் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரத்திற்குப் பின் பார்க்கும் சர்க்கரை 140 மில்லிகிராம் அல்லது அதற்கு மேலிருந்தால், அது கர்ப்பகால நீரிழிவு. டாக்டர் சேஷையா பிறந்த மார்ச் 10-ஆம் நாள் அதற்கான விழிப்புணர்வு நாளாகக் கொள்ளப்படுகிறது.

உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, தடையேதும் இல்லாத கருவுற்ற பெண்கள் வாரத்திற்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமாக இயங்குதல் வேண்டும். வாரத்தில் ஐந்து நாள் நடப்பதாயின் நாளொன்றுக்கு அரைமணி. மூவேளை உணவுக்குப்பின் பத்துப் பத்து நிமிடமாகவும் அதனைப் பகுத்துக்கொள்ளலாம். இவ்வியக்கத்தால் கர்ப்பகால நீரிழிவும் மிகை இரத்த அழுத்தமும் மகப்பேற்றுக்குப் பிந்தைய மனச்சோர்வும் வரும் வாய்ப்புக் குறைகிறது. குழந்தையின் பிறப்பு எடைக்குக் கேடில்லை என்பதும் அதில் கூறப்பட்டுள்ளது.

அளவை அறிய எளிய வழியொன்று உண்டு. நடந்துகொண்டே பேச முடிய வேண்டும். பேச்சுக்கு மூச்சுத் திணறினால் வேகத்தைக் குறைத்தல் வேண்டும். வயிறு முன்தள்ளும் காலத்தில் உடலின் சமநிலை மாறுவதால், வழுக்கும் தரையையும் விழ நேரும் ஆட்டங்களையும் தவிர்த்தல் நலம். முதல் மூன்று மாதங்களுக்குப்பின் மல்லாந்து படுத்துச் செய்யும் பயிற்சிகள் ஆகா. கருப்பை பெரிய இரத்தக் குழாயை அழுத்தும். உச்சி வெயிலில் நடவாமல், காய்ச்சி ஆறிய நீரை உடன் கொண்டு செல்க. பூந்தமல்லி நெடுஞ்சாலையின் ஓரம் நடப்பதற்கு ஏற்றதன்று. உட்தெருக்கள் உண்டு, வீட்டு மொட்டைமாடி உண்டு. கைப்பிடியைப் பற்றி மெல்லப் படியேறலாம். ஜினாலயத்தை வலம் வருவதும் நடைதானே!

எல்லார்க்கும் இது பொருந்தாது என்பதையும் அழுத்திச் சொல்ல வேண்டும். நஞ்சுக்கொடி கீழிறங்கியிருத்தல், கருப்பை வாய்த் தளர்ச்சி, கடும் இரத்தசோகை, கட்டுக்கடங்கா இரத்த அழுத்தம், இதயநோய், குறைமாதப் பேற்றுக்கான அறிகுறி ஆகியவை உள்ளோர் மருத்துவர் சொற்படியே நடத்தல் வேண்டும். நடக்கும்போது இரத்தப் போக்கு, நீர்க்கசிவு, தலைசுற்றல், நெஞ்சுவலி, ஒருகால் வீக்கம், விட்டுவிட்டு வரும் வயிற்றுவலி தோன்றினால் உடனே நிறுத்தி மருத்துவமனை செல்க. குழந்தையின் அசைவு குறைந்தாலும் தாமதித்தல் ஆகாது.

“ஆட்டுக்கல்லில் மாவரைத்தோம், அறுவையின்றிப் பெற்றோம்” என்று பெருமை பேசும் என் வயதினர்க்கும் ஒரு சொல். அந்நாளில் மகப்பேற்றில் மாண்ட தாய்மாரை நாம் மறந்துவிடுகிறோம். தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019–21-இன்படி, தமிழகத்துப் பிரசவங்களில் 44.9 விழுக்காடு அறுவை வழியே நிகழ்ந்தன. அதற்குக் காரணங்கள் பல. பெண்ணின் சோம்பலே காரணம் என்று பழித்தல் அறமன்று. பளுவான குடங்களைத் தூக்கச் செய்வதும் பயிற்சியாகாது.

இனி நம் ஒழுக்கத்தைப் பற்றியும் சொல்கிறேன். கதிரவன் மறையுமுன் உண்ணும் வழக்கம் இதற்குப் பெருந்துணை. உண்டபின் எஞ்சும் பகலொளியிலேயே நடந்துவிடலாம். ஆனால் மாலை உணவுக்கும் காலை உணவுக்கும் இடைவெளி நீளுதலால், இன்சுலின் போட்டுக்கொள்வோர் இதனை மருத்துவரிடம் சொல்லி உணவு நேரத்தை வகுத்துக்கொள்ள வேண்டும். அட்டமி, சதுர்த்தசி உபவாசங்களை மகப்பேற்றுக்குப்பின் நோற்கலாம் என்று மாமியாரே முன்வந்து கூறுதல் நலம். மருமகள் வாய்திறந்து கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டா.

அன்று மாலை முதல் நானும் என் மருமகளும் சேர்ந்தே நடந்தோம். முதல்நாள் எட்டு நிமிடத்தில் நின்றுவிட்டோம், களைத்தவள் நான்தான்! பின்னர் அரைமணி எளிதாயிற்று. உணவு மாற்றமும் நடையும் சேர்ந்து சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தன. குழந்தை அறுவை வழியேதான் பிறந்தது. ஆகவே நடந்தால் அறுவை இராது என்று உங்களுக்கு நான் வாக்களிக்க இயலாது. தாயும் சேயும் நலம். பிறந்து ஆறு வாரங்கள் கழித்துச் சர்க்கரையை மீண்டும் பார்த்தோம். இத்தாய்மார்க்குப் பிற்காலத்தில் நீரிழிவு வரக்கூடுமாதலின், அச்சோதனையை எவரும் விட்டுவிடக் கூடாது.

சாவடி என்பது வழிநடப்போர் தங்கி இளைப்பாறும் இடம். அப்பெயர் கொண்ட ஊரில் நின்று பேசுகிறேன். கருவுற்றவளுக்கு இளைப்பாறலும் வேண்டும், நடையும் வேண்டும். கணவன்மார்களே, இன்று மாலை கைபேசியை வைத்துவிட்டு அவளோடு பத்து நிமிடம் நடந்து வாருங்கள். மாமியார்களே, “உட்காரம்மா” என்னுமுன், “உனக்கு எது விருப்பம்?” என்று ஒருமுறை கேளுங்கள். நான் ஏழு மாதம் கேட்கத் தவறிய கேள்வி அது.

அறம் வளர்க! ஜெய ஜினேந்திரா.