வங்கி எழுத்தர் வேலைக்கு வழி

(பொன்விழாவையொட்டி நம் பங்கு மன்றத்தில் நடைபெற்ற இளைஞர் கூட்டத்தில், ஓய்வுபெற்ற வங்கி ஊழியரான நம் பங்கைச் சேர்ந்த சகோதரி ஒருவர் ஆற்றிய உரை)



'இளைஞரும் எதிர்காலமும்' என்ற தலைப்பில் பேச வேண்டுமென்று மலர்க் குழுவினர் முதலில் கேட்டார்கள். எதிர்காலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது, வங்கிக் கவுண்டரைப் பற்றி 38 ஆண்டுகள் தெரியும் என்றேன். அப்படியானால் அதையே பேசுங்கள் என்று விட்டுவிட்டார்கள். ஆகவே வங்கியில் எழுத்தர் வேலைக்கு எப்படிப் போவது, போனபின் அங்கே என்ன செய்வது என்பதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

என் தகப்பனார் தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்த்தவர் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். அவர் தம் வாழ்நாளில் பாதிக்கு மேல் எந்த வங்கியின் படியையும் மிதித்ததில்லை. வங்கி என்றால் அன்று வியாபாரிகள் போகிற இடம். தூத்துக்குடியில் 1921-ஆம் ஆண்டு நாடார் வங்கி என்று தொடங்கப்பட்டதுதான் 1962-இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி என்று பெயர் மாறியது. 1937-இல் சிதம்பரம் செட்டியார் அவர்கள் காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் இந்தியன் ஓவர்சீஸ் வங்கியைத் திறந்தார். வணிகம் செய்த சமூகங்கள் தங்கள் தேவைக்கும் முயற்சிக்கும் ஏற்ப வங்கி கண்டார்கள். உப்பு வாருகிறவனுக்கு அங்கே என்ன வேலை?

1969-ஆம் ஆண்டு ஜூலை 19-ஆம் நாள் 14 பெரிய வங்கிகளை அரசு நாட்டுடைமை ஆக்கியது. 1980 ஏப்ரலில் மேலும் 6 வங்கிகள் சேர்ந்தன. அது நல்லதா கெட்டதா என்று பொருளாதாரம் படித்தவர்கள் இன்றும் வாதாடுகிறார்கள். அந்த வாதத்துக்குள் நான் போகவில்லை. கிராமங்களில் கிளைகள் திறந்தார்கள், கிளைகளுக்கு எழுத்தர்கள் தேவைப்பட்டார்கள், ஆள் எடுக்கப் போட்டித் தேர்வு வைத்தார்கள். அந்தக் கதவு வழியாகத்தான் என்னைப் போன்றவர்கள் உள்ளே போனோம். சிபாரிசு சொல்ல ஆளில்லாத வீட்டுப் பெண்ணுக்கு, தாளைத் திருத்துகிறவருக்கு முகம் தெரியாது என்பதைவிடப் பெரிய உதவி வேறு இல்லை.

மதுரையில் ஒரு பள்ளிக்கூடத்தில் தேர்வு எழுதினேன். கணக்கும் ஆங்கிலமும் இருந்தன. அவற்றோடு எழுத்தர் திறன் என்று ஒரு தாள். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெயர், இரண்டு முகவரி, இரண்டு எண் கொடுத்திருப்பார்கள். இரண்டும் ஒன்றா, வேறா என்று சொல்ல வேண்டும். 'இது என்ன சின்னப் பிள்ளை விளையாட்டு!' என்று வெளியே வந்து தோழியிடம் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்கு எனக்குக் கிடைத்த தண்டனையைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

பணியில் சேர்ந்த இரண்டாம் ஆண்டு என்னைப் பணம் கொடுக்கும் கவுண்டரில் உட்கார வைத்தார்கள். அந்நாளில் பித்தளை டோக்கன் முறை. பணம் எடுக்க வருகிறவர் சீட்டை எழுதிக் கொடுத்து டோக்கன் வாங்கிக்கொள்வார். சீட்டு பேரேட்டில் பதிவாகி, அதிகாரி கையெழுத்தாகி, டோக்கன் எண்ணோடு காசாளரிடம் வரும். எண்ணைக் கூப்பிட்டு, டோக்கனை வாங்கிக்கொண்டு பணத்தைக் கொடுக்க வேண்டும். கொடுக்கும்முன் 'எவ்வளவு தொகை?' என்று கேட்க வேண்டும் என்பது மூத்தவர்கள் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். அன்று சம்பள வாரம், கூட்டம் கழுத்தைப் பிடித்தது. 19 என்று கூப்பிட்டேன். காது மந்தமான ஒரு முதியவர் டோக்கனை நீட்டினார். பார்த்தேன், 19. ரூ.1,100 எண்ணிக் கொடுத்தேன். தொகை எவ்வளவு என்று கேட்கவில்லை.

பகல் 2 மணிக்குக் கவுண்டரை மூடப்போகும்போது ஒருவர் வந்து, 'என் நம்பரைக் கூப்பிடவே இல்லையே' என்றார். அவர் கையில் இருந்தது 19. முதியவர் கொடுத்த டோக்கனை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். அது 61. தலைகீழாக நீட்டியிருக்கிறார், நானும் அப்படியே வாங்கியிருக்கிறேன். அவருக்குச் சேர வேண்டியது ரூ.150. ரூ.950 அதிகமாகப் போய்விட்டது. வங்கியில் காசு குறைந்தால் குறைந்தவர் கைப்பணத்தைப் போட வேண்டும். அன்று என்னிடம் பேருந்துக் காசு தவிர ஒன்றுமில்லை. தலைமைக் காசாளர் தம் பெட்டியிலிருந்து கடன் கொடுத்து அன்றைய கணக்கை முடிக்க உதவினார். மேலாளர் ஒரு வார்த்தையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மாலையில் கடைநிலை ஊழியர் ஒருவரைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்த முதியவர் வீட்டைத் தேடிப் போனேன். அவரும் உப்பளத்தில் வேலை பார்த்தவர்தான். விஷயத்தைச் சொன்னதும், 'வட்டி ஏறியிருக்கும்னுல்லா நெனச்சேன் தாயி' என்றார். அதில் ரூ.350-ஐ அன்றே பலசரக்குக் கடைப் பாக்கிக்குக் கொடுத்துவிட்டார். மீதி ரூ.600-ஐ முந்தானையிலிருந்து அவிழ்த்து அவர் மனைவி என் கையில் வைத்தார். ரூ.350-ஐ நான் ஏற்றுக்கொண்டேன். அந்த மாதம் வீட்டுக்குக் கொடுத்த பணம் குறைந்தது. என் தம்பிக்குப் பள்ளிச் சீருடை வாங்கவில்லை. அவன் இன்று வரை அதைச் சொல்லிக் காட்டுவான். மறுநாள் அரம் கொண்டு 19, 61, 16, 91 ஆகிய டோக்கன்களின் அடியில் ஒவ்வொரு கோடு இழுக்கச் சொன்னேன். எழுத்தர் திறன் தாளைப் பார்த்துச் சிரித்தவளுக்கு அப்போதுதான் அந்தத் தாளின் அர்த்தம் புரிந்தது.

இனி உங்கள் காலத்துக்கு வருவோம். டோக்கன் போய்விட்டது. பேரேடும் போய்விட்டது. நோட்டை இயந்திரம் எண்ணுகிறது. ஒரே கவுண்டரில் பணம் வாங்குவது, கொடுப்பது, கணக்குத் தொடங்குவது, அடையாள ஆவணம் சரிபார்ப்பது எல்லாம் நடக்கின்றன. தெருமுனையில் வடை விற்கிறவரும் கைப்பேசியில் பணம் வாங்குகிற நாளில், வங்கிக்கு எழுத்தர் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். 2016 நவம்பரில் 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த பிறகு கவுண்டருக்கு வெளியே நின்ற வரிசையைப் பார்த்தவர்கள் அப்படிக் கேட்கமாட்டார்கள். அந்த நாட்களில் நாங்கள் சாப்பிட்டதும் தெரியாது, வீட்டுக்குப் போனதும் தெரியாது. ஆனாலும் முன்னைவிட எழுத்தர் இடங்கள் குறைவு, எழுதுகிறவர்கள் அதிகம் என்பதை மறைக்க விரும்பவில்லை.

நாங்கள் எழுதிய தேர்வை நடத்திய வட்டார வாரியங்களை 2001-இல் கலைத்துவிட்டார்கள். 2011 முதல் ஐ.பி.பி.எஸ். என்ற நிறுவனம் பொதுத்துறை வங்கிகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே எழுத்தர் தேர்வு நடத்துகிறது. பாரத ஸ்டேட் வங்கி மட்டும் தனியாக வைக்கிறது. பட்டம் பெற்றிருக்க வேண்டும், எந்தப் பாடமானாலும் சரி. வயது 20-க்குக் குறையாமலும் 28-க்கு மேற்படாமலும் இருக்க வேண்டும். இதர பிற்படுத்தப்பட்டோருக்கு மூன்றாண்டு, பட்டியல் இனத்தவருக்கு ஐந்தாண்டு சலுகை உண்டு. விண்ணப்பிக்கும் மாநிலத்தின் மொழி எழுதப் படிக்கப் பேசத் தெரிந்திருக்க வேண்டும். பள்ளியில் அந்த மொழியைப் படித்ததற்குச் சான்று இல்லையென்றால் மொழித் தேர்வு வைப்பார்கள். மதிப்பெண்ணுக்காகத் தமிழை விட்டுப் பிரெஞ்சு எடுத்த பிள்ளைகள் இந்தக் கூட்டத்திலும் இருக்கிறார்கள். பெற்றோர்கள் இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல்நிலைத் தேர்வு 100 கேள்விகள், 60 நிமிடம். ஆங்கிலம் 30, கணக்கு 35, அறிவுத்திறன் 35. ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடந்தான். ஒரு பகுதியில் மிச்சப்பட்ட நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. கணக்கில் 35 கேள்விக்கு 1,200 விநாடி என்றால் ஒரு கேள்விக்கு 34 விநாடி. நம் பிள்ளைகளுக்குக் கணக்குத் தெரியும், 34 விநாடியில் தெரியாது, அவ்வளவுதான் குறை. அது கடிகாரம் வைத்துப் பழகினால் தீரும். வாய்ப்பாடு 20 வரையும், வர்க்கம் 30 வரையும், பின்னங்களுக்கு உரிய சதவீதங்களும் மனப்பாடமாக வேண்டும். ஆங்கிலப் பகுதியைத் தவிர மற்றவற்றைத் தமிழிலேயே எழுதலாம். ஆங்கிலம் வராது என்று விண்ணப்பமே போடாமல் இருந்தவர்கள் இதை அறிய வேண்டும்.

தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிப்பார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து விடைகள். கண்ணை மூடிக்கொண்டு ஐந்து கேள்விக்கு விடை குறித்தால் ஒன்று சரியாகலாம், நான்கு தவறும். வந்த ஒன்றை நான்கு கால் தின்றுவிடும். ஆனால் ஐந்தில் இரண்டு விடை நிச்சயம் இல்லை என்று தள்ளத் தெரிந்தால், ஆறு கேள்வியில் சராசரியாக இரண்டு சரி, நான்கு தவறு. ஒரு மதிப்பெண் மிஞ்சும். தள்ளத் தெரிந்த இடத்தில் துணியுங்கள், ஒன்றுமே தெரியாத இடத்தில் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதல்நிலை மதிப்பெண் அடுத்த படிக்கு அனுமதி தரும், அத்தோடு சரி. இறுதிப் பட்டியல் முதன்மைத் தேர்வு மதிப்பெண்ணை வைத்துத்தான். அதில் வங்கித்துறை, நாட்டு நடப்பு பற்றிய கேள்விகளும் உண்டு. நாள்தோறும் செய்தித்தாளின் பொருளாதாரப் பக்கத்தைப் படிக்காமல் அதைத் தாண்ட முடியாது.

எழுத்தர் பணிக்கு 2016 முதல் நேர்முகத் தேர்வு கிடையாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், எனக்கு நன்கு தெரிந்த ஒரு குடும்பம், 'வங்கியில் ஆள் இருக்கிறது, பேசி முடித்துத் தருகிறேன்' என்று சொன்ன ஒரு தரகரிடம் வீட்டுப் பத்திரத்தை அடகு வைத்துப் பணம் கொடுத்தது. கொடுப்பதற்கு முந்தைய நாள் அந்தத் தாயார் என்னிடம் கேட்கத்தான் வந்தார். நான் ஓய்வு பெற்ற புதிதில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பேசுவதற்கு நேர்முகமே இல்லாத தேர்வில் எவர் யாரிடம் பேசுவது? பணமும் வரவில்லை, தரகரும் வரவில்லை. அந்தப் பையன் முதல்நிலையில் மூன்று மதிப்பெண்ணில்தான் தவறியிருந்தான். இன்னொரு ஆண்டு படித்திருந்தால் போதும்.

சான்றிதழ் விஷயத்தில் நம்மவர்கள் மிகுதியாகச் சறுக்குகிறார்கள். ஞானஸ்நானப் பதிவேட்டில் மிக்கேல், பள்ளிச் சான்றில் மைக்கேல், ஆதாரில் மைக்கேல்ராஜ். மூன்றும் ஒரே பையன் என்று எனக்கும் சுவாமிக்கும் தெரியும், கணினிக்குத் தெரியாது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளபடியே எல்லாவற்றையும் இப்போதே திருத்திக்கொள்ளுங்கள். அடுத்து, மாநில அரசு தரும் பிற்பட்டோர் சாதிச் சான்று இந்தத் தேர்வுக்குச் செல்லாது. மத்திய அரசுப் பணிக்கான இதர பிற்பட்டோர் சான்றிதழைத் தனியே வாங்க வேண்டும். அதில் வசதி படைத்த பிரிவில் வரவில்லை என்ற வாசகமும், அறிவிப்பில் கேட்ட காலத்துத் தேதியும் இருக்க வேண்டும். 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி கிறிஸ்தவர்களுக்குப் பட்டியல் இன ஒதுக்கீடு இல்லை. அதை மாற்றக் கோரும் குரலும் வழக்கும் நெடுங்காலமாக உள்ளன, அந்தக் குரலில் எனக்கும் பங்கு உண்டு. ஆனால் விண்ணப்பத்தை நடப்பிலுள்ள விதிப்படிதான் நிரப்ப வேண்டும். தவறாகக் குறித்துத் தேர்ச்சியும் பெற்றுச் சான்றிதழ் சரிபார்ப்பில் வெளியேறிய பிள்ளையின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று எங்கள் காலத்தில் இல்லாதது. தவணையில் கைப்பேசி வாங்கித் தவணை கட்டாமல் விடுகிறீர்களே, அது சிபில் பதிவில் ஏறுகிறது. வேலையில் சேரும்போது வங்கிகள் அதைப் பார்க்கின்றன. கடன் வரலாறு சரியில்லை என்று ஒரு வங்கி அதிகாரி நியமனத்தை ரத்து செய்தது செல்லும் என்று 2025-இல் சென்னை உயர் நீதிமன்றமே தீர்ப்பளித்தது. பிறர் பணத்தை எண்ணப் போகிறவர் தம் கடனை எண்ணினாரா என்று கேட்பார்கள். ஆகவே பாக்கி இருப்பவர்கள் முதலில் அதை முடித்து, முடித்ததற்குக் கடிதமும் வாங்கி வையுங்கள்.

பொன்விழா நினைவாக மன்றத்தின் பின்னறையை வாசகசாலையாக்கிச் சுவாமி அவர்கள் திறந்து வைத்திருக்கிறார்கள். சாவி உபதேசியாரிடம் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் மாலை 6 மணிக்கு நான் அங்கே இருப்பேன். பழைய வினாத்தாள்கள் என்னிடம் உள்ளன, சுவர்க்கடிகாரம் ஒன்றும் வாங்கி மாட்டியிருக்கிறேன். பென்சிலும் ஒரு பழைய நோட்டும் கொண்டுவந்தால் போதும். முதல் சனிக்கிழமை ஆறு பேர் வந்தார்கள், ஐந்து பேர் பெண்பிள்ளைகள். தம்பிமார்களே, உங்களையும் எதிர்பார்க்கிறேன்.