முதுகுக்குப் பின்னால் ஒரு கண்

(நம் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பி.காம். படித்து, வங்கியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். எலக்ட்ரானிக்ஸ் எனக்குப் பாடமல்ல. கழுத்து எலும்புத் தேய்மானத்தால் சாதாரண சைக்கிளை விட்டுவிட்டு, சாய்ந்து உட்கார்ந்து மிதிக்கும் மூன்று சக்கர சைக்கிளுக்கு மாறினேன். நம் பிள்ளைகள் அதற்கு ‘ஈசிசேர் வண்டி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முதுகுக்குச் சுகம்தான். ஆனால் இருக்கை தரையிலிருந்து ஒன்றேகால் அடி. திரும்பிப் பார்க்கக் கழுத்தும் ஒத்துழைக்காது. அதனால்தான் பின்பக்கக் கேமரா செய்ய இறங்கினேன்.

யோசனை பழையது. 1956-லேயே அமெரிக்காவின் பியூக் நிறுவனம், ‘செஞ்சுரியன்’ என்ற மாதிரிக் காரில் பின்பக்கம் பார்க்க டிவி கேமரா வைத்துக் காட்டியது.

முதலில் ரிச்சி தெருவில் சின்ன வைஃபை கேமரா ஒன்று வாங்கி, செல்போனையே திரையாக்கினேன். ஒரு நாள் காலை, சேலையூர் கேம்ப் ரோடு அருகே ஒரு பள்ளத்துக்காகச் சற்று வலப்பக்கம் ஒதுங்கினேன். திரையில் ஒரு வேன் பின்னால் எங்கேயோ இருந்தது. நிஜத்தில் அது என் தோளை உரசுவதுபோல் கடந்து போனது. வீட்டில் இதைச் சொல்ல இரண்டு நாளாயிற்று.

ஸ்டாப்வாட்ச் ஓடும் ஒரு போனைக் கேமரா முன் வைத்து, இரண்டு திரைகளையும் ஒரே படத்தில் எடுத்துப் பார்த்தேன். வித்தியாசம் 0.6 விநாடி. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டி அதற்குள் ஆறரை மீட்டர் வந்துவிடும். நேற்றைய பாக்கியைப் பார்த்து இன்றைக்குச் செக் பாஸ் பண்ணுகிற கதைதான்!

அடுத்து, காருக்கு விற்கும் 12 வோல்ட் ரிவர்ஸ் கேமராவையும் சிறு திரையையும் ஒயரிலேயே இணைத்தேன். கண்ணுக்குத் தெரிகிற தாமதம் இல்லை. அந்தக் கேமரா படத்தைக் கண்ணாடிபோல் இடம் வலம் மாற்றியே காட்டும். வலப்பக்கம் வரும் பஸ் வலப்பக்கமே தெரியும். மின்சாரத்துக்கு 12 வோல்ட், 7 ஏ.எச். பேட்டரி, அதை ஒட்டியே ஒரு ஃபியூஸ். வெயிலில் திரை தெரிய, மேலே கறுப்பு அட்டையில் ஒரு கூரை. மொத்தச் செலவு 2,850 ரூபாய். பில்கள் பத்திரமாக இருக்கின்றன.

ஒரு குறை மிச்சம். அகன்ற கோணக் கேமராவில் எல்லாமே தள்ளி இருப்பதாகத் தோன்றும். நம் பார்க்கிங்கில் பேரனை 5 மீட்டரிலும் 10 மீட்டரிலும் நிற்க வைத்து, அவன் கால் தெரிந்த இடங்களில் திரைமேல் டேப் ஒட்டிக்கொண்டேன். பழைய கண்ணாடியையும் கழற்றவில்லை. இரண்டும் ஒத்துப்போனால்தான் வலப்பக்கம் ஒதுங்குவேன். டேலி ஆகாமல் கவுண்டரை மூடிப் பழக்கமில்லை.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2019 ஜூலை முதல் நம் நாட்டில் தயாராகும் புதிய கார்களில் ரிவர்ஸ் சென்சார் கட்டாயம். இருந்தாலும் அதன் சத்தத்தை மட்டும் நம்பாதீர்கள். என் கேமரா எனக்குப் பின்னால் வருவதைக் காட்டும். நீங்கள் ரிவர்ஸ் எடுப்பதை அதால் நிறுத்த முடியாது. வண்டியில் ஐந்தடி உயரத்தில் ஆரஞ்சுக் கொடி கட்டியிருக்கிறேன். கொடி தெரிந்தால், கீழே நான் இருக்கிறேன். சின்னக் குழந்தைகளுக்குக் கொடியும் கிடையாது. ஒரு முறை இறங்கிப் பார்த்துவிட்டே காரை எடுங்கள்.