வீடு தேடி வருகிறவர்



1887-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸுக்கு முந்திய இரவில், அமெரிக்க தேசத்தின் அலபாமா மாகாணத்திலுள்ள டஸ்கம்பியா என்னும் சிற்றூரில், ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தன் காலுறையைப் பரிசுக்காகத் தொங்கவிட்டுவிட்டு, புதுப்பொம்மை ஒன்றையும் வெள்ளைக் கரடிப்பொம்மை ஒன்றையும் அணைத்தபடி படுக்கையில் கிடந்து, தூங்குவதுபோல் வெகுநேரம் பாசாங்கு செய்துகொண்டிருந்தாள். சான்டா கிளாஸ் என்று அந்நாட்டார் அழைக்கும் கிறிஸ்துமஸ் தாத்தா வந்து என்னதான் செய்கிறார் என்று கண்டுபிடித்துவிட வேண்டுமென்பது அவள் எண்ணம். குழந்தைகள் எல்லோரும் செய்கிற தந்திரந்தானே என்பீர்கள். ஆனால் இந்தச் சிறுமிக்கோ பத்தொன்பதாம் மாதத்தில் வந்த நோயினால் கண்ணும் போயிற்று, காதும் போயிற்று. தாத்தா வந்து நின்றாலும் அவர் உருவம் அவளுக்குத் தெரியப்போவதில்லை. வாய்விட்டுச் சிரித்தாலும் கேட்கப்போவதில்லை. பின் எதற்காக விழித்திருந்தாள்? மரத்தளத்தில் காலடி விழும் அதிர்வுக்காகவா, பனியில் நனைந்த கம்பளியின் வாசனைக்காகவா? அவள் எழுதி வைக்கவில்லை, நாம் ஊகிக்கலாம். அவள் பெயர் ஹெலன் கெல்லர்.

ஆசிரியை ஆனி சல்லிவன் அந்த வீட்டுக்கு வந்தது அவ்வாண்டு மார்ச் மாதத்தில். விரலால் உள்ளங்கையில் எழுத்துகளை உணர்த்தி, ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு பெயர் உண்டு என்ற ஞானத்தை அவர் அக்குழந்தைக்கு அளித்து ஓராண்டுகூட நிறைவு பெறாத காலம் அது. 1903-இல் வெளியான தம் சுயசரிதத்தில் ஹெலன் அம்மையார் அந்தக் கிறிஸ்துமஸை விஸ்தாரமாகவே வர்ணித்திருக்கிறார். வீட்டார் அவருக்குத் தெரியாமல் பரிசுகளைச் சேகரித்தார்களாம்; அதைவிட ஆனந்தம், அவரும் ஆசிரியையும் சேர்ந்து வீட்டாருக்குத் தெரியாமல் பரிசுகளைச் சேகரித்ததாம். வேண்டியவர்கள் வந்து ஒரு வாக்கியத்தை எழுத்தெழுத்தாக உணர்த்தத் தொடங்கி, ரகசியம் வெளிப்பட்டுவிடப் போகிற தருணத்தில் பாதியிலே நிறுத்திக்கொள்வார்களாம். மாலைதோறும் கணப்பின் அருகே அமர்ந்து அந்த ரகசியத்தை ஊகிக்கும் விளையாட்டு நடக்கும். முறையாக நடத்திய எந்தப் பாடத்தையும்விட அந்த விளையாட்டே தமக்கு மொழியை அதிகமாகக் கற்பித்தது என்பது அம்மையாரின் அபிப்பிராயம்.

மறுநாள் காலையில் வீட்டையே எழுப்பியவள் அந்தச் சிறுமிதான். காலுறைக்குள் மட்டுமா பரிசு இருந்தது? மேஜையின்மேல், நாற்காலிகளின்மேல், வாசற்படியில், ஜன்னல் விளிம்பில், எங்கே நடந்தாலும் காலில் இடறும்படி மெல்லிய காகிதம் சுற்றிய பொட்டலங்கள்! தொட்டறிந்தே உலகத்தில் நடமாடும் குழந்தைக்கு, அவள் கை நீளும் இடத்திலும் கால் வைக்கும் இடத்திலுமாகப் பண்டிகையைப் பரப்பிவைத்திருந்தார்கள். முந்திய நாள் ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் தங்கள் கிறிஸ்துமஸ் மரத்துக்கு அவளையும் அழைத்திருந்தார்கள். அங்கே மற்றப் பிள்ளைகளுக்குப் பரிசு வழங்கும் உரிமையையும் அவளிடமே கொடுத்தார்கள். வாங்கிக்கொள்ளும் கை என்று ஊர் நினைத்திருந்த கையைக் கொடுக்கும் கையாக்கிய அந்தப் பெரியோர்களின் விவேகத்தை நான் எவ்வளவு வியந்தாலும் தகும்.

அந்தச் சிறுமி விழித்துக் காத்திருந்த தாத்தாவின் பூர்வகதை உங்களில் பலருக்குத் தெரிந்ததே. இன்றைய துருக்கி நாட்டில் டெம்ரே என வழங்கும் பழைய மைரா நகரத்தில், நான்காம் நூற்றாண்டில், ஆயராக இருந்த நிக்கோலஸ் என்பவர் இதற்கு மூலபுருஷர். டிசம்பர் 6 அவருடைய திருநாள். பெண்களுக்குச் சீதனம் கொடுக்க வழியற்றுத் தவித்த ஒரு தகப்பனின் வீட்டுக்கு, யாரும் அறியாவண்ணம் இரவில் சென்று பொன்முடிப்பை உள்ளே போட்டு வந்தார் என்பது ஐதிகம். டச்சுக்காரர் அந்த நினைவைப் போற்றினார்கள். நியூயார்க் அதைப் புதுப்பித்தது. 1823 டிசம்பரில் டிராய் நகரத்துப் பத்திரிகை ஒன்றில் ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ஒரு பாட்டு, கலைமான்கள் இழுக்கும் வண்டியையும் புகைபோக்கி வழியே இறங்கும் வித்தையையும் நிலைபெறச் செய்தது. இந்தச் சரித்திரம் முழுவதிலும் ஓர் அம்சம் மட்டும் மாறவே இல்லை: அவர்தாம் வீட்டைத் தேடி வருகிறார். குழந்தை இருக்கிற இடத்திலேயே இருக்கிறது. தூக்கத்தைக்கூட விட வேண்டியதில்லை.

இதைத் தலைகீழாக்கியது வியாபாரம். 1890-இல் மாசச்சூசெட்ஸ் மாகாணத்துப் பிராக்டன் நகரில் ஜேம்ஸ் எட்கர் என்ற கடைக்காரர் தாமே தாத்தா வேஷம் பூண்டு தம் கடைக்குள் உலவினார்; நல்ல மனிதர், குழந்தைகளிடம் உண்மையான பிரியம் கொண்டவர். ஆனால் அவருக்குப் பின் வந்த பெரிய அங்காடிகள் தாத்தாவை ஒரு சிம்மாசனத்தில் உட்கார்த்தி, எதிரே கயிறு கட்டி, குழந்தைகளை வரிசையில் நிறுத்தின. வரிசையின் முடிவில் மடியில் உட்கார வேண்டும், சிரிக்க வேண்டும், படம் பிடிப்பார்கள், அடுத்த குழந்தை!

ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தையை அந்த வரிசையில் நிறுத்திப் பாருங்கள். விட்டுவிட்டு மின்னும் விளக்குகள், ஓயாது ஒலிக்கும் பாட்டு, முன்னும் பின்னும் இடிக்கும் அந்நியர்கள், எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதே தெரியாத நிலை, எல்லாவற்றுக்கும் முடிவில் முகத்தில் பாதியை மயிர் மூடிய ஒரு முன்பின் அறியாதவரின் மடி. குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், அதைப் பிடிவாதம் என்று சொல்லும் கூட்டத்தின் நடுவே தாய் தலைகுனிந்து வெளியேற வேண்டியிருக்கிறது. உண்மையில் அந்தக் குழந்தை தன்னால் இயன்றதற்கும் மேலாகவே பொறுத்திருந்தது.

இத்தகைய தாய் தந்தையரின் முறையீட்டினாலும், அவர்களுக்குத் துணை நின்ற சங்கங்களின் முயற்சியினாலும், இப்போது அமெரிக்க வணிக வளாகங்கள் பலவற்றில் ஒரு நல்ல வழக்கம் ஏற்பட்டிருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில், கடைகள் திறப்பதற்கு முன்னால், பாட்டை நிறுத்தி, விளக்குகளைத் தணித்து, வரிசை என்பதே இல்லாமல் முன்கூட்டிக் குறித்த நேரத்தில் ஒவ்வொரு குடும்பமாக வரச் செய்கிறார்கள். தாத்தா ஆசனத்தை விட்டு இறங்கித் தரையில் உட்காருகிறார். குழந்தை சுற்றிச் சுற்றி ஓடினால் ஓடட்டும் என்று விடுகிறார். அது ஒரு கார்ப் பொம்மையின் சக்கரத்தை மட்டும் சுழற்றிக்கொண்டிருந்தால், தாமும் ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறார். முகத்தைப் பார், கை கொடு என்று யாரும் கட்டாயப்படுத்துவதில்லை. இந்த வேஷதாரிகளுக்கென்றே 1937-இல் சார்லஸ் ஹோவர்ட் என்பவர் ஆரம்பித்த பள்ளிக்கூடம் இன்றும் மிச்சிகன் மாகாணத்து மிட்லண்டு நகரில் நடக்கிறது என்பதையும், சைகை மொழியில் சிறிதேனும் பழகுவது இப்போது அங்கே பயிற்சியில் சேர்ந்திருக்கிறது என்பதையும் இங்கே குறிப்பிடலாம்.

ஒரு திரைப்படமும் இந்த மனமாற்றத்துக்குச் சாட்சி. நியூயார்க் அங்காடி ஒன்றில் தாத்தாவாக அமரும் கிழவரைப் பற்றி 1947-இல் ஒரு படம் எடுத்தார்கள். அதில் ஆங்கிலம் அறியாத டச்சுச் சிறுமியிடம் அவர் டச்சு மொழியிலேயே பேசுவார். அதே கதையை 1994-இல் மறுபடியும் எடுத்தபோது, அந்தச் சிறுமி செவிகேளாதவளாக வருகிறாள்; இவளிடம் பேச வேண்டியதில்லை, உங்களைப் பார்த்தால் போதும் என்று தாய் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, கிழவர் குழந்தையின் பக்கம் திரும்பிச் சைகை மொழியில் பேச ஆரம்பித்துவிடுகிறார். பார்த்தால் போதும் என்று திருப்தியடைந்துவிட்ட அந்தத் தாயின் முகத்தைத்தான் நான் கவனித்தேன்.

அங்காடியைவிட வீடுகளில் நடக்கிற மாறுதல்கள் நுட்பமானவை. எதையும் சொன்னபடியே பொருள்கொள்ளும் குழந்தைக்கு, நள்ளிரவில் அந்நியர் ஒருவர் வீட்டுக்குள் இறங்குவார் என்ற செய்தி மகிழ்ச்சியா, பீதியா? அத்தகைய வீடுகளில், தாத்தா வாசலோடு பையை வைத்துவிட்டுப் போய்விடுவார் என்று கதையையே திருத்திக்கொள்கிறார்கள். கதைக்கு ஒரு நஷ்டமும் இல்லை. பண்டிகை நாளில் என்னென்ன நடக்கும், யார் யார் வருவார்கள் என்பதைப் படங்களோடு சிறு புத்தகமாகத் தைத்து, பல நாள் முன்னதாகவே குழந்தையோடு படிக்கிறார்கள். மிச்சிகனைச் சேர்ந்த கரோல் கிரே என்னும் ஆசிரியை தொண்ணூறுகளின் ஆரம்பத்தில் வகுத்த முறை இது. எதிர்பாராத பொருள் கலக்கத்தைத் தருமானால், காகிதம் சுற்றாமலே பரிசை வைக்கிறார்கள்; ஒரே காலையில் குவிப்பதற்குப் பதிலாகச் சில நாட்களுக்குப் பகிர்ந்து கொடுக்கிறார்கள். பார்வையற்ற குழந்தைகளுக்கு அமெரிக்காவிலுள்ள தேசியப் பார்வையற்றோர் சம்மேளனம் தாத்தாவின் கடிதத்தைப் பிரெய்ல் எழுத்தில் அனுப்பிவைக்கிறது. தனக்கு வந்த கடிதத்தைப் பிறர் படித்துச் சொல்லக் கேளாமல் தானே படிக்கும் கௌரவம் அந்தக் குழந்தைக்குக் கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் நான் கண்டிக்கத்தான் வேண்டும். 1934-இல் பிரசித்தி பெற்ற ஒரு பாட்டின் வாயிலாக ஊரெங்கும் பரவிவிட்ட அந்த நல்ல பிள்ளை, கெட்ட பிள்ளை ஜாபிதா இருக்கிறதே, அது அந்தப் பாவப்பட்ட தாத்தாவைச் சித்திரகுப்தனாக்கிவிட்டது. அசையாமல் உட்கார உடம்பு இடந்தராத குழந்தையிடம், அசையாதிருந்தால்தான் பரிசு என்று சொல்வது எந்த தர்மத்தில் சேரும்? நன்னடத்தையைப் பழக்குவதற்கு ஆண்டு முழுவதும் இருக்கிறது. நிக்கோலஸ் ஆயர் பொன்முடிப்பைப் போடுமுன் அந்தப் பெண்களின் நடத்தையை விசாரித்ததாக ஐதிகம் இல்லை.

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு என்று கேட்க இந்த ஊரில் இடமில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டு முடியுமுன்பே பார்வையற்றோருக்கும் காது கேளாதோருக்கும் பள்ளிகள் ஏற்பட்ட பாளையங்கோட்டை இது. இங்கே டிசம்பர் இரவுகளில் கீத பவனி புறப்பட்டு, சிவப்பு அங்கியும் முகமூடியும் பஞ்சுத் தாடியும் தரித்த தாத்தா ஆடிக்கொண்டே நம் வாசலுக்கு வருகிறார். வீடு தேடி வருதல் என்ற பழைய மரபை, மேல்நாட்டு அங்காடிகள் கைவிட்ட பிறகும், நம் வாலிபர் சங்கங்கள் காப்பாற்றி வருகின்றன. அந்த முகமூடியைக் கண்டும் முழங்கும் டிரம்மைக் கேட்டும் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும் பிள்ளைகளும் நம் தெருக்களில் இருக்கிறார்கள் என்பதை முன்வரிசையில் இருக்கும் தாய்மார்கள் அறிவார்கள்.

பவனிக் குழுவினர் சிலர் இந்த அவையில் இருப்பதால், வந்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். நம் வாசகர் வட்டத்துச் செயலாளர் அவர்களிடம் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கிறது. எந்த வீட்டு வாசலில் டிரம்மை நிறுத்த வேண்டும், எந்த வீட்டில் முகமூடியைக் கழற்றிவிட்டுச் சொந்த முகத்தோடு உள்ளே வர வேண்டும், எந்தக் குழந்தை தாடியைத் தொட்டுப் பார்க்க ஆசைப்படும், எந்தக் குழந்தைக்கு ஒன்பது மணிக்கு மேல் வரக் கூடாது என்பதை, தாய்மார்கள் தயங்காமல் அதில் எழுதிவிட்டுப் போக வேண்டும். பவனி புறப்படுமுன் குழுவினர் அதைப் படிக்க வேண்டும். தேநீர் வருவதற்குள் அந்த வேலை முடிந்துவிடும்.